பாளைக்குப் பஸ் ஏறவா, போனிலேயே கேட்கவா?

நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. அம்மாவின் வைத்தியத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டு, போன வருஷம் முழுக்கச் செலவை எழுதி வந்தேன். அம்மாவுக்கு சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. போதாததற்கு முழங்கால் வலி. ஊர் வீரவநல்லூர் பக்கத்துக் கிராமம். பார்க்கிற டாக்டரம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார்.

ஒரு தடவை போய்வந்த பக்கத்தை அப்படியே தருகிறேன். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஆட்டோ, போக வர 160. பஸ், இரண்டு பேருக்கு 160. அங்கே இறங்கி கிளினிக்குக்கும் திரும்பவும் ஆட்டோ 240. சாப்பாடு, காப்பி 190. டாக்டர் பீஸ் 500. எனக்கு ஒருநாள் சம்பளப் பிடித்தம் 550. கூட்டினால் 1,800 ரூபாய். மாத்திரையும் டெஸ்டும் இதில் சேரவில்லை, அவை எப்படிப் பார்த்தாலும் உண்டு. ஆக 1,800 ரூபாயில் டாக்டருக்குப் போனது 500. மீதி 1,300 ரூபாய் வழியிலேயே கரைந்தது.

வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது கண்ட இடத்திலெல்லாம் நின்று போகிற பஸ். உட்கார இடம் கிடைக்காவிட்டால் அம்மாவின் முழங்கால் டவுன் வருவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிடும். அதனால் காசு கொடுத்து எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் யாருக்கும் போன் வைத்தியம்தான் லாபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, போன வருஷம் பல தடவை போனிலேயே பார்த்தோம். ஆனால் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவு முந்தைய வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ஏன் என்று பக்கம் பக்கமாகப் புரட்டியபோது பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இருமல் கதை. தை மாதப் பனியில் அம்மாவுக்கு இரண்டு நாள் இருமல். பழைய நாளாக இருந்தால் சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நான் மில்லுக்குப் போயிருப்பேன். அண்ணன் மகன் சென்னையிலிருந்து போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தான். பத்து நிமிஷத்தில் ஒரு டாக்டர் வீடியோவில் வந்தார். நல்ல மனுஷர், பொறுமையாகவே கேட்டார். சிரப் எழுதினார், ரத்த டெஸ்ட் எழுதினார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே என்றார். பேசி முடித்ததும் அதே ஆப்பில் மருந்து வாங்க ஒரு பொத்தான், டெஸ்ட் எடுக்க ஒரு பொத்தான், அதற்குக் கீழே முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி. இருமலுக்கு 1,450 ரூபாய் ஆகிவிட்டது. கதை அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. "குழல் வச்சிப் பாக்காம அது என்னல வைத்தியம்?" என்று அம்மா மறுநாள் என்னைக் கிளப்பிக்கொண்டு உள்ளூர் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல ஆச்சி, சளிதான்" என்றார்.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சொல்கிறது. கலிபோர்னியாவில் அரசுப் பணியாளர்களுக்கான இன்சூரன்ஸ் கணக்கை எடுத்து, இருமல், சளி போன்ற சுவாசக் கோளாறுகளுக்குப் போனில் டாக்டரைப் பார்த்தவர்களைக் கவனித்தார்கள். ஒரு போன் ஆலோசனைக்குச் சுமார் 79 டாலர், கிளினிக்குக்குப் போனால் 146 டாலர். தனித்தனியாகப் பார்த்தால் பாதி விலை. ஆனால் அந்தப் போன் ஆலோசனைகளில் 12 சதவீதம்தான் நேரில் போயிருக்க வேண்டியதற்குப் பதிலாக வந்தவை. மீதி 88 சதவீதம் புதுசு. போன் வசதி இல்லையென்றால் அவர்கள் டாக்டரையே தேடியிருக்க மாட்டார்கள். அதனால் ஆளுக்கு வருஷத்துக்கு 45 டாலர் செலவு கூடியது. சுக்குக் காப்பியோடு போக வேண்டிய இருமல் அங்கேயும் பில்லாக மாறியிருக்கிறது.

2024-ல் இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே முதியோருக்கான மெடிகேர் இன்சூரன்ஸில் இருப்பவர்களைப் பற்றியது. தொலைமருத்துவத்தை அதிகம் பயன்படுத்திய மருத்துவமனைக் குழுமங்களில் நோயாளிகளின் டாக்டர் சந்திப்பு 2.2 சதவீதம் கூடியது, அவசர சிகிச்சைக்கு ஓடுவது 2.7 சதவீதம் குறைந்தது, மொத்தச் செலவு 1.6 சதவீதம் ஏறியது. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில் கொஞ்சம் வேறு மாதிரி: சந்திப்புகள் சற்றுக் கூடினாலும் ஒவ்வொரு நோய்க்கும் ஆன செலவு சற்றுக் குறைந்தது, நோயைத் தவறவிட்டதாகவும் தெரியவில்லை. அங்கே பெரும்பாலும் ஏற்கனவே பழகிய குடும்ப டாக்டர்தான் போனில் பேசுகிறார், ஆள் மாறுவதில்லை. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியமாகப் பட்டது.

ஆனால் அந்த ஊர்க் கணக்கை நம் ஊரில் அப்படியே ஒட்ட முடியாது. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுவதை இங்கே நாம் கட்டுகிறோம். இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசு போடுவது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் அது 39.4 சதவீதமாக இறங்கியது என்கிறது அரசுக் கணக்கு. இறங்கியிருக்கிறது, சரி. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஓ.பி. சீட்டும் ஆட்டோவும் நம் சட்டைப்பையில் இருந்துதான் போகின்றன. அப்புறம், பஸ் செலவையும் பிடித்த சம்பளத்தையும் எந்த இன்சூரன்ஸ் கணக்கிலும் எழுத மாட்டார்கள். எங்களுக்கோ அதுதான் பெரிய தொகை.

அதனால் நான் இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் போன் எந்தப் பஸ்ஸைக் கழிக்கிறது? ஒரு பஸ்ஸைக் கழித்தால் போன். எதையும் கழிக்கவில்லையென்றால் அது கூட்டல் கணக்கு.

கழித்ததற்கு நல்ல உதாரணம் தைராய்டு. டாக்டரம்மா மாத்திரை அளவை மாற்றிவிட்டு ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். வீரவநல்லூரிலேயே ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பார்த்த பிரஷர் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அன்று இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டார். நாலு நிமிஷப் பேச்சு. மாத்திரை 50-லிருந்து 75. சீட்டைப் படமாக அனுப்பிவிட்டார். 300 ரூபாய் ஜிபே. பக்கத்தில் 1,800 என்று எழுத வேண்டிய இடத்தில் 300 என்று எழுதினேன். சம்பளமும் பிடிக்கவில்லை. நேரில் போயிருந்தாலும் அவர் பார்த்திருக்கப் போவது அதே தாளைத்தான்.

இப்படி வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்புவது செல்லுமா என்று மில்லில் ஒருவர் கேட்டார். செல்லும். 2020 மார்ச் 25-ல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. வீடியோ, போன் பேச்சு, எழுத்துச் செய்தி எல்லாமே அதில் உண்டு. சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். ஏற்கனவே நேரில் பார்த்த அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் திரும்பப் பேசினால் அது தொடர் ஆலோசனை. பழைய மாத்திரையைத் தொடரவும் அதோடு வேறு சேர்க்கவும் டாக்டருக்குக் கூடுதல் இடம் இருக்கிறது. முதல் தடவையே முகம் தெரியாமல் பேசினால் எழுதக்கூடிய மருந்து குறைவு. அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரைகளை எழுதவே கூடாது. நேரில் வாங்க என்று சொல்லவும் டாக்டருக்கு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் கோபப்படக் கூடாது. எங்கள் டாக்டரம்மா மூன்றில் ஒரு தடவை அப்படித்தான் சொல்வார். அதனால்தான் மற்ற இரண்டு தடவையும் அவரை நம்புகிறேன்.

இனி என் தப்பு. புரட்டாசியில் அம்மாவுக்கு இடது கால் சுண்டுவிரல் பக்கம் சின்னதாகச் சிவந்திருந்தது. வலி இல்லை என்றாள். மேலிருந்து ஒரு படம் எடுத்து, அந்த ஆப் டாக்டர் ஒருவருக்கு அனுப்பினேன். அவசரத்துக்கு அவர்தான் கிடைத்தார். களிம்பு எழுதினார். ஐந்து நாள் கழித்து இன்னொரு படம், இன்னொரு டாக்டர், இன்னொரு களிம்பு. படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிறகு பாளைக்குக் கூட்டிப் போனபோது டாக்டரம்மா குனிந்து, கட்டைவிரலால் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் பிரித்தார். உள்ளே சீழ். எந்தப் படத்திலும் வராத இடம் அது. அப்புறம் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்தில் நாலு இடத்தில் அம்மாவுக்குத் தொட்டதே தெரியவில்லை. வலி இல்லை என்று அவள் சொன்னதற்கு அதுதான் காரணம். சுகர் நரம்பைத் தின்றிருந்தது.

அந்தப் பக்கத்தில் இரண்டு ஆப் கட்டணம், இரண்டு களிம்பு, பாளைப் பயணம், ஒன்பது நாள் கட்டு மாற்றிய செலவு எல்லாம் வரிசையாக இருக்கிறது. முதல் நாளே பஸ் ஏறியிருந்தால் ஆப் கட்டணமும் களிம்பும் இருந்திருக்காது. ஆப் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் காட்டியது நான் எடுத்த படம்தான். தொட்டுப் பார்க்க வேண்டியதை, பிரித்துப் பார்க்க வேண்டியதை, குழல் வைத்துக் கேட்க வேண்டியதைப் போனில் கொண்டுபோனது என் கஞ்சத்தனம்.

நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் விழுதல், பாம்புக்கடி இவற்றுக்கு ஒப்பீடே கிடையாது. 108, ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி, அவ்வளவுதான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வீடியோவில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

டோக்கன் என்றதும், வீடியோவில் டாக்டரைப் பார்க்கிற அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி ஞாபகம் வருகிறது. 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு பைசா கிடையாது. தமிழ்நாட்டில் தொடக்கத்திலேயே நன்றாக ஓடியது. எனக்கு அதில் பெரிய அனுபவம் இல்லை, தங்கச்சிக்கு உண்டு. முக்கூடலில் வாக்கப்பட்டவள், பீடி சுத்துகிறாள். அவளுக்கு மாதச் சம்பளம் கிடையாது, சுத்தின எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய இலையும் தூளும் அப்படியே கிடக்கும், கூலியும் போச்சு. இடுப்பில் படர்தாமரை வந்து மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் போட்டிருக்கிறாள். போட்டால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும். இ-சஞ்சீவனியில் வந்த பெண் டாக்டர் அந்த டியூபைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, உடனே நிறுத்து என்றாராம். வேறு களிம்பு எழுதி, அரிப்பு நின்ற பிறகும் சில வாரம் விடாமல் போடச் சொல்லியிருக்கிறார். சரியாகிவிட்டது. "அண்ணே, டோக்கனுக்குக் காத்துக் கெடக்கையில போனைச் சொவத்துல சாத்தி வச்சிட்டு நாப்பது பீடி சுத்திட்டேன்" என்றாள். மடியில் சுளகோடு டாக்டரிடம் பேசியவள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான்.

அவளுக்குத் தோல் பிரச்சினை, கண்ணுக்குத் தெரிகிற விஷயம். டாக்டர் மாறினாலும் குற்றமில்லை. அம்மாவுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு தடவையும் புது டாக்டர் வருவார், மூன்று நோயையும் ஒன்பது மாத்திரையையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதி சொல்வதற்குள் அம்மா மருமகள் கதைக்குப் போய்விடுவாள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டாக்டர் தூரத்தில், ஆனால் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் நம் பக்கத்தில். அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து நெல்லையில் இருக்கிறது. அவர்களுடைய பார்வை மையங்கள் சின்ன ஊர்களில் இந்த முறையில்தான் நடக்கின்றன. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவி வைத்துக் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து, விவரம் எழுதி அனுப்ப, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் அதைப் பார்த்துப் பேசுகிறார். கண்ணாடி மட்டும் போதுமானவர் அங்கேயே வாங்கிக்கொண்டு போகிறார், ஆபரேஷன் வேண்டியவர் மட்டும் பஸ் ஏறுகிறார். சுகர்காரர்கள் வருஷத்துக்கு ஒருதடவை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால் எனக்கு இது பெரிய உபகாரமாகப் படுகிறது. நான் எடுத்த கால் படத்துக்கும் அந்தப் பெண் எடுக்கும் கண் படத்துக்கும் உள்ள தூரம், வீரவநல்லூருக்கும் பாளைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

மக்களைத் தேடி மருத்துவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவின் மாதாந்திர மருந்துச் செலவில் பெரிய பங்கு இதில் மிச்சமானது. இது தொலைமருத்துவம் இல்லைதான். ஆனால் பஸ்ஸைக் கழிக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இப்படி ஆகியிருக்கிறது. மாத்திரை வாசலில் வருகிறது. ரிப்போர்ட்டும் அளவு மாற்றமும் டாக்டரம்மாவின் வாட்ஸ்அப்பில், 300 ரூபாய்க்கு. மூன்று மாதச் சுகர் சராசரி டெஸ்டை உள்ளூரிலேயே எடுத்து அனுப்புகிறோம். ஆறு மாதத்துக்கு ஒருதடவை, எதுவும் இல்லையென்றாலும் நேரில். அன்றைக்குப் பாதத்தைக் காட்டாமல் திரும்புவதில்லை. வீட்டில் ஒரு பிரஷர் மெஷின், மேல் கையில் சுற்றுகிற வகை. அதை வாங்கிய காசு இரண்டு பயணத்திலேயே வந்துவிட்டது. அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். முழு உடல் பரிசோதனைத் தள்ளுபடி மட்டும் இன்னும் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துகொண்டிருக்கிறது.

எல்லாருக்கும் இதே கணக்கு பொருந்தாது. பாளையிலேயே குடியிருப்பவருக்கு நேரில் போவது கால் மணி நேர வேலை, போன் அவருக்குப் பெரிதாக எதையும் கழிக்காது. மலையோர எஸ்டேட்டில் இருப்பவருக்கோ ஒரு பயணமே ஒரு முழு நாள். மனம் சம்பந்தப்பட்டதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம். வெளியே தெரிந்துவிடுமே என்று கிளினிக் வாசலுக்கே போகாதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் கூப்பிட்டால் அதுவும் கூட்டல் கணக்குத்தான். ஆனால் வேண்டிய கூட்டல். அமெரிக்க ஆய்வில் வந்த 88 சதவீதத்துக்குள்ளும் இப்படிச் சிலர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என் நோட்டில் வராத வரவு ஒன்று உண்டு. பயணம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு இல்லை. சித்தி வீடு பேட்டையில். டாக்டரைப் பார்க்கப் போகிற நாளில்தான் திரும்பும் வழியில் இறங்கி, அக்காளும் தங்கச்சியும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். வருஷத்துக்கு ஆறு தடவை நடந்தது இப்போது இரண்டாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை பாளைக்குப் போகிறோம். கால் பார்க்க வேண்டும், தைராய்டு ரிப்போர்ட்டையும் அன்றைக்கே காட்டிவிடலாம். நாலு நாளைக்கு முன்னாடியே அம்மா சித்திக்குப் போன் போட்டுவிட்டாள். முருங்கைக்காய் பறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.